கெதியா வருமாம்!

புதன்கிழமை பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறந்தால், அம்மா முன்னறை ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். கையில் ஆறிப்போன தேத்தண்ணி. கண் ரோட்டில்.

"என்னம்மா, ஆரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறியள்?"

"போன் வருமாம் பிள்ளை. தம்பி சொன்னவன். இண்டைக்கு வந்தாலும் வருமாம்."

அதற்குள் மகன் படியில் தடதடவென்று இறங்கி வந்தான். "அம்மா, ஈஸ்ட் மிட்லண்ட்ஸுக்கு வந்திட்டுது! பிளேனால இறக்கிட்டாங்கள். இண்டைக்கு வராட்டி நாளைக்குக் கட்டாயம் வரும்."

"வெள்ளிக்கிழமை எண்டுதானே போட்டிருக்கு?"

"அது சும்மா போடுறது அம்மா. எல்லாருக்கும் கெதியா வருமாம்."

இந்த 'வருமாம்' எங்கள் வீட்டை மூன்று நாள் ஆட்டிப் படைத்தது. போன செப்டம்பரில் உங்களில் சிலரின் வீட்டிலும் இதே கூத்து நடந்திருக்கும். இந்த முறை அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் விஷயம். 2025 செப்டம்பர் 9ஆம் திகதி அப்பிள் நிறுவனம் ஐபோன் 17ஐ அறிவித்தது. 12ஆம் திகதி வெள்ளி பகல் 1 மணிக்கு இங்கே முன்பதிவு தொடங்கியது. விற்பனைக்கு வரும் நாள் 19ஆம் திகதி, அடுத்த வெள்ளி. விலை 799 பவுண்டில் தொடக்கம். இவர் வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, 1 மணி அடித்தவுடன் ஓர்டர் போட்டுவிட்டார். இவருடைய பழைய போன் மகனுக்கு என்பது வீட்டு ஒப்பந்தம். அவன் இப்போது இயர் நைன். இரண்டு வருடமாகப் பொத்தான் போனோடு பள்ளிக்கூடம் போய் வருகிறான். ஆகவே அப்பாவின் போன் வருவது அவனுக்கும் போன் வருவதுதான். வீட்டில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மூன்றாவதாக அம்மாவும் காத்திருக்கத் தொடங்கியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மகனும் அவனுடைய கூட்டாளிகளும் சும்மா ஊகிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து காசு போய்விட்டது. அது முதலாவது ஆதாரம். கூரியர் நிறுவனத்தின் தளத்தில் பார்சல் இலக்கத்துக்குப் பதிலாக அப்பாவின் போன் நம்பரைப் போட்டுத் தேடினால், இன்னும் மின்னஞ்சலில் வராத பார்சல் விபரம் தெரிகிறது, அது இரண்டாவது. புதன்கிழமை காலை பார்சல் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் நிற்கிறது; அது மூன்றாவது. அங்கேயிருந்து சட்டனுக்கு மூன்று மணித்தியாலம்கூட இல்லையே, பிறகு ஏன் வெள்ளி வரைக்கும் வைத்திருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. நானும் முதலில் பதில் தெரியாமல்தான் நின்றேன். பிறகு மகனோடு இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

காசு எடுப்பது பார்சலை அனுப்பத் தயாராகும்போது. வீட்டுக் கதவைத் தட்டும் நாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. லட்சக்கணக்கான போன்களைக் கொஞ்ச நாளில் உலகம் முழுக்க அனுப்ப வேண்டும் என்றால், முதல் வாரமே கணக்கு முடித்து, லேபல் ஒட்டி, பெட்டி கட்டித்தான் ஆகவேண்டும்.

விமானமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை காலை எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால் பெட்டிகள் புதன், வியாழனிலேயே நாட்டுக்குள் வந்து நிற்க வேண்டும். ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் இரவிரவாகச் சரக்கு விமானங்கள் வந்துபோகிற இடம். அங்கே இறக்கி, பிரித்து, ஊர் ஊராக டிப்போவுக்கு அனுப்பி, பிறகு நிறுத்தி வைப்பார்கள். வெளியீட்டு நாளுக்கு முன் கொடுக்கக் கூடாது என்பது கூரியருக்கு இடப்பட்ட கட்டளை. பார்சல் கிட்ட வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் கிட்ட வந்தால் கையில் வரும் என்பது நாங்கள் சேர்த்துக்கொண்டது.

வியாழன் இரவு நாலாவது ஆதாரம் வந்தது. ஒன்பதரை மணியிருக்கும். மகன் என்னுடைய போனைக் கொண்டு ஓடி வந்தான். யாரோ ஒருவர் புதுப் போனைக் கையில் பிடித்த படம். 'வந்துவிட்டது' என்று கீழே எழுதியிருக்கிறது. "பாருங்கோ அம்மா, இவருக்கு வந்திட்டுது. இன்னும் வியாழக்கிழமைதானே!"

படம் போட்டவர் நியூசிலாந்துக்காரர். ஓக்லண்ட் இந்த மாதத்தில் லண்டனைவிட 11 மணித்தியாலம் முன்னால் போகிறது. எங்களுக்கு வியாழன் பகல் 1 மணியாகும்போது அங்கே வெள்ளிக்கிழமை பிறந்துவிடும். எங்களுக்கு இரவு 9 மணி என்றால் அவர்களுக்குக் காலை 8 மணி, கூரியர்காரன் கதவு தட்டுகிற நேரம். அந்த மனிதருக்குச் சரியாக வெள்ளிக்கிழமைதான் வந்திருக்கிறது. ஒரு மணித்தியாலம்கூட முந்தவில்லை. மகன் விரல் மடித்துக் கணக்குப் பார்த்துவிட்டு, "ஓ..." என்று இழுத்தான்.

அப்படியென்றால் போன் முன்கூட்டி வந்த கதையெல்லாம் பொய்யா? அதுவும் இல்லை. 2010இல் ஐபோன் 4 வெளியானது ஜூன் 24ஆம் திகதி. அமெரிக்காவில் முன்பதிவு செய்தவர்கள் சிலருக்கு அது 23ஆம் திகதியே கையில் கிடைத்தது. 2017இல் இன்னொரு மாதிரி நடந்தது. ஐபோன் எக்ஸ், இங்கே 999 பவுண்ட், அக்டோபர் 27ஆம் திகதி காலை 8 மணி கடந்து முன்பதிவு தொடங்கியது. வெளியீடு நவம்பர் 3. சில நிமிடங்களுக்குள் 'ஐந்து, ஆறு வாரம் ஆகும்' என்று தளத்தில் திகதி ஓடிவிட்டது. பிந்தி ஓர்டர் போட்டவர்கள் நத்தார் வரைக்கும் காத்திருக்க வேண்டுமோ என்று பயந்தார்கள். ஆனால் நவம்பர் நடுவுக்குள் உற்பத்தி வேகம் பிடித்து, சொன்ன திகதிக்கு முன்பே பலருக்குப் பெட்டி வந்து சேர்ந்தது.

இந்த இரண்டு கதைக்கும் நடுவில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அதைத்தான் மகனுக்கு விளங்கப்படுத்தினேன். திகதியில் இரண்டு வகை. ஒன்று மதிப்பீடு: 'இவ்வளவு நாள் எடுக்கும் என்று நினைக்கிறோம்'. கம்பெனிக்காரர்கள் அதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்கள். சொன்னதைவிடப் பிந்தினால் ஆட்கள் கோபிப்பார்கள், முந்தினால் சந்தோஷப்படுவார்கள். இந்த வகைத் திகதி முந்தலாம். மற்றது பூட்டு: 'இந்த நாளுக்கு முன் திறக்கக்கூடாது'. வெளியீட்டு நாளுக்கே பதிந்தவர்களுடைய திகதி இந்த வகை. 2010இல் நடந்ததுபோல எப்போதாவது பூட்டு ஒரு நாள் கழரும். அதை நம்பி வீட்டில் இருக்க முடியாது.

"உங்கட எந்த வகை?" என்று கேட்டேன்.

"பூட்டு," என்றான், முகம் வாடி.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தப் பத்தியை எழுதியே இருக்க மாட்டேன். நடுவில் இரண்டு விஷயம் நடந்தது.

முதலாவது, புதன்கிழமை இரவு. இவருடைய போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. 'உங்கள் பார்சலை ஒப்படைக்க முயன்றோம், முடியவில்லை. மறுபடி கொண்டுவர 1 பவுண்ட் 45 பென்ஸ் செலுத்துங்கள்.' கீழே ஒரு இணைப்பு. வேறு எந்த நாளென்றாலும் இவர் அதைப் பார்த்துச் சிரித்து அழித்திருப்பார். இவர் வேலை செய்வதே கணினித் துறையில். ஆனால் அன்றைக்கு மகன் காலையிலிருந்து 'இண்டைக்கு வரும், இண்டைக்கு வரும்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். அம்மாவோ பாத்ரூமுக்குப் போன நேரம் கதவு தட்டியிருப்பார்களோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். இவர் கார்ட்டை எடுத்து முதல் எட்டு இலக்கத்தை அடித்துவிட்டார். பிறகுதான் கை நின்றது. 'இவ்வளவு பெரிய கம்பெனி ஒண்டரைப் பவுணுக்கு ஏன் நிக்கப்போகுது?' என்று அவரே கேட்டுக்கொண்டார்.

2021இல் இதே நாட்டில் 'ஃப்ளூபொட்' என்ற வைரஸ் இப்படிப் பார்சல் செய்தியாக வந்துதான் ஆண்ட்ராய்ட் போன்களுக்குள் புகுந்தது. அந்த வருடம் ஏப்ரலில் தேசிய சைபர் பாதுகாப்பு மையமே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. மோசடிக்காரனுக்கு நீங்கள் போன் வாங்கியிருப்பது தெரியாது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே செய்தியை அனுப்பிவிடுகிறான், அதில் சில பேராவது ஏதோ ஒரு பார்சலுக்காக ஏங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஏங்குகிற மனம் எந்தச் செய்தியையும் தன்னுடைய பார்சலோடு சேர்த்துக்கொள்ளும். மகன் நியூசிலாந்துப் படத்தை நம்பியதும், அப்பா அந்தச் செய்தியை நம்பப் பார்த்ததும் ஒரே காரணத்தால்தான்.

இப்படிச் செய்தி வந்தால் இணைப்பைத் தொடவேண்டாம். கூரியரின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து பாருங்கள். செய்தியை 7726 என்ற இலக்கத்துக்கு இலவசமாக அனுப்பிவிடலாம். தப்பித்தவறிக் கார்ட் விபரம் கொடுத்துவிட்டால், 159க்கு அடித்தால் உங்கள் வங்கியோடு பாதுகாப்பாக இணைப்பார்கள். கதவில் கேட்கும் இரகசிய இலக்கத்தை போனில் யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட, பகலில் வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் முதலில் சொல்லுங்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

வியாழன் இரவு அம்மாவின் அறையில் தண்ணிப் போத்தல் வைக்கப் போனேன். மேசையில் பிரஷர் குளிசை அட்டை வெறுமையாகக் கிடந்தது. "என்னம்மா, குளிசை முடிஞ்சுதோ?"

"ஓம் பிள்ளை, நேற்றுக் காலமை கடைசிக் குளிசை. மருந்துக்கடையில எடுத்து வைச்சிருக்கினமாம், மெசேஜ் வந்தது."

"அப்ப ஏன் போய் எடுக்கேல்லை? ஹை ஸ்ட்ரீட்தானே, பத்து நிமிஷ நடை?"

அம்மா என்னைப் பார்த்தார். "நான் போன நேரம் போன் வந்தால்? ஆரும் இல்லையெண்டால் திருப்பிக்கொண்டு போயிடுவாங்களாம். தம்பி பாவம், ஆசையா இருக்கிறான்."

புதனும் வியாழனும் அவர் வீட்டைவிட்டு இறங்கவில்லை. புதன்கிழமை வழக்கமாக மன்னோர் பார்க் பக்கம் தன் சிநேகிதிகளோடு நடக்கப் போவார், போகவில்லை. குளிக்கக்கூட மகன் பள்ளிக்கூடத்தால் வரும் வரைக்கும் காத்திருந்தாராம். 'வந்தாலும் வரும்' என்று நாங்கள் விளையாட்டாகச் சொன்ன சொல்லுக்கு, 76 வயதில் இரண்டு நாள் ஒரு நேரக் குளிசை இல்லாமல் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் பேசாமல் போய், இரவு திறந்திருக்கும் கடையொன்றைத் தேடிப் பிடித்து, அங்குள்ள மருந்தாளரிடம் கதைத்து, அடுத்த நாளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்தேன். அழுத்தம் அளந்து பார்த்ததில் கொஞ்சம் கூடியிருந்தது, பயப்படும் அளவுக்கு இல்லை. அதன் பிறகும் எனக்கு நித்திரை வரவில்லை.

அம்மாவுக்குக் காத்திருந்து பழக்கம். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, டெலிபோனும் இல்லை. அம்மம்மாவும் மாமாக்களும் அங்கே, நாங்கள் இங்கே. யாராவது கொழும்புக்கு வந்து தபால் போட்டால்தான் கடிதம். அப்போது நான் சின்னப் பிள்ளை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் ஆட்கள் 'கப்பல் வந்திட்டுதாம், அடுத்த கிழமை கடிதம் வருமாம்' என்று சொல்லுவார்கள். அந்தக் கிழமை முழுக்க அம்மா தபால்காரர் வரும் நேரம் கதவடியில் நிற்பார். வராவிட்டால் 'வருமாம்' சொன்னவர்கள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் கதவடியில் நின்றது அம்மா மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை மகனை மேசையில் இருத்தி, கோபப்படாமல் குளிசைக் கதையைச் சொன்னேன். அவன் கண்கலங்கிவிட்டான். "நான் அம்மம்மாவை இருக்கச் சொல்லேல்லையே அம்மா."

"இருக்கச் சொல்லேல்லை. வரும் எண்டு சொன்னனீ. அவவுக்கு அது ரெண்டும் ஒண்டுதான்."

பிறகு அவன் கேட்ட கேள்வியால்தான் இந்தப் பத்தி நீண்டது. "அம்மா, கெதியா அனுப்ப அவங்களால ஏலாதா, இல்லாட்டி விருப்பமில்லையா?"

ஏலும். அதற்கு நல்ல உதாரணம் எங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஃபொக்ஸ்கொன் நிறுவனத்தின் தொழிற்சாலை ஐபோன்களைப் பூட்டுகிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பான்மை இளம் பெண்கள். பலர் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியபோது, வரி விழுவதற்கு முன் போன்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க அப்பிள் அவசரப்பட்டது. சுமார் 600 டன் ஐபோன்கள், அதாவது 15 லட்சம் வரை, சரக்கு விமானங்களில் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போயின என்று ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சென்னை விமான நிலையத்தில் சுங்கச் சோதனைக்கு எடுக்கும் 30 மணித்தியாலம் 6 மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டது. வழக்கமாக விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையிலும் தொழிற்சாலை ஓடியது.

ஆகவே கெதியா அனுப்ப நினைத்தால் அனுப்புவார்கள். ஆனால் அது எங்கள் மகனின் ஆசைக்காக நடக்காது, வரிக் கணக்குக்காக நடக்கும். நடக்கும்போது எங்கோ ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போகும்.

அதே தொழிற்சாலையில் 2021 டிசம்பரில் நடந்ததையும் அவனுக்குச் சொன்னேன். விடுதிச் சாப்பாடு பழுதாகி 250க்கு மேற்பட்ட பெண்களுக்குச் சுகமில்லாமல் போனது. 159 பேர் ஆஸ்பத்திரியில். அவர்களுக்கு என்ன ஆனது என்று உள்ளே இருந்த தோழிகளுக்குச் சரியான தகவல் கிடைக்கவில்லை. சிலர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். வதந்தி பொய், யாரும் சாகவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது நியாயம். பிறகு விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரமில்லை என்று அப்பிள் நிறுவனமே ஒத்துக்கொண்டு, அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. தொழிற்சாலை திரும்பத் திறந்தது 2022 ஜனவரி 12ஆம் திகதி.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவையும் என்ன நடந்தது எண்டு தெரியாமல்தான் ஊகிச்சிருக்கினம்," என்றான். அவனே சொன்னான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. போனுக்கு ஊகிப்பதும் தோழிக்கு என்ன ஆனது என்று ஊகிப்பதும் ஒரே பாரம் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் தகவல் இல்லாத இடத்தில்தான் 'ஆம்' வந்து குந்திக்கொள்கிறது.

பிள்ளைகளைச் சொல்லி நாங்கள் தப்பிக்கவும் முடியாது. சட்டனில் செப்டம்பர் என்றாலே எங்கள் ஆட்களுக்கு வேறொரு காத்திருப்பு. சட்டன் கிராமர், வில்சன்ஸ், வோலிங்டன் கவுண்டி, நொன்சச், வோலிங்டன் பெண்கள் பள்ளி என்று ஐந்து கிராமர் பள்ளிக்கூடமும் ஒரே வட்டாரத்தில். செப்டம்பரில் பரீட்சை, அக்டோபர் 31 விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், மார்ச் 1 முடிவு. மூன்று வருடத்துக்கு முன் மகன் எழுதியபோது நான் வட்ஸ்அப் குழுவில் என்னவெல்லாம் நம்பினேன் தெரியுமா? இந்த முறை புள்ளி இவ்வளவாம், அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கூட்டப்போகிறார்களாம், கடிதம் நாளைக்கே வருமாம். அவன் நித்திரையில் இருந்தானா விழித்திருந்தானா தெரியாது, பக்கத்தில் இருந்துகொண்டுதான் இதையெல்லாம் இவருக்கு வாசித்துக் காட்டினேன். காத்திருக்கத் தெரியாமல் இருக்க அவன் எங்களிடம்தான் படித்திருக்கிறான்.

இதற்குப் பிறகு வீட்டில் சில விஷயம் முடிவெடுத்தோம். பார்சல் எதுவாக இருந்தாலும் சொன்ன திகதிக்கு முதல் யாரும் அதற்காக வீட்டில் இருப்பதில்லை. அம்மம்மாவின் நாளை அவரைக் கேட்காமல் யாரும் எடுக்கக்கூடாது. யாருடைய பார்சலோ அவர்தான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் எடுக்கும் முறையைத் தெரிவுசெய்ய வேண்டும். 'வருமாம்' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் 'ஆர் சொன்னது, எப்படித் தெரியும்?' என்று கேட்கலாம், கேட்டதற்குக் கோபிக்கக் கூடாது. ஊகிப்பதைத் தடைசெய்யவில்லை. பந்தயம் கட்டலாம், கணக்குப் போடலாம், விமானம் எங்கே நிற்கிறது என்று படம் கீறலாம். அதில் அவன் நேர வலயமும் சரக்குப் போக்குவரத்தும் படித்துவிட்டான், நல்லதுதானே. ஊகத்தை நம்பி இன்னொருவரை உட்கார வைக்காதவரை அது விளையாட்டு.

வெள்ளிக்கிழமை இவர் வீட்டிலிருந்து வேலை செய்தார். அம்மாவை நான் ஒன்பதரைக்கு சட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏற்றி விம்பிள்டன் கணபதி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கோயில் 1981இல் தொடங்கியது, அம்மா லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து போய்வருகிற இடம். புரட்டாதி பிறந்த முதல் வெள்ளி. ரயிலில் இருக்கும்போதே அம்மா இரண்டு தரம் கேட்டார்: "மருமகன் கதவு தட்டுறதைக் கேப்பாரோ? காதில அந்தச் சாமானை மாட்டிக்கொண்டு இருப்பாரே."

பதினொன்றே முக்காலுக்கு இவரிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைப் பெட்டி. சொன்ன நாளில், ஒரு மணித்தியாலம் முந்தவுமில்லை பிந்தவுமில்லை.

மகன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் போனைப் பார்க்க முதல் பெட்டியைப் புரட்டினான். பின்பக்கம் சின்ன எழுத்தில் எங்கே பூட்டினது என்று போட்டிருக்கும் என்று எங்கேயோ வாசித்திருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர்க் கதை கேட்டபிறகு, இந்தியா என்று இருக்கும் என்று நினைத்திருப்பான் போல. சீனா என்று இருந்தது.

"எங்கட ஆக்கள் செய்ததில்லை அம்மம்மா," என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அம்மா கண்ணாடியைப் போட்டு அந்த எழுத்தைப் பார்க்க முயன்றார், தெரியவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "ஆற்றையோ பிள்ளையள்தானே ராசா. கவனமா வைச்சிரு." பிறகு எழும்பிப் போய், தன் குளிசையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.